கோடாக்ஸ் டிடி600 ஃப்ளாஷ்: கானாடுகாத்தான் தெருவுல எடுத்துப் பாத்தாச்சு

ஃப்ளாஷ கேமராவுல இருந்து கழட்டி ஓரமா வெச்சு எடுக்கணும்னு ஆசை இருக்கவங்களுக்கு இத தைரியமா சொல்வேன். பசங்களோட கானாடுகாத்தான்ல சாயங்காலம் எடுத்தோம், பின்னாடி பெரிய வீட்டு முகப்பு, முன்னாடி கண்டாங்கி சேலைல ஃப்ரெண்டோட தங்கச்சி, முதல்ல வானத்துக்கு எக்ஸ்போஷர் வெச்சு ஒரு ஸ்டாப் கம்மி பண்ணிட்டு (அதாவது வெளிச்சத்த பாதியாக்கி), அப்புறம் கேமரா மேல மாட்டி ஃப்ளாஷ தூரத்துல இருந்தே இயக்கற எக்ஸ்2டி ட்ரிகர்லயே ஃப்ளாஷ் பவர 1/4ல (முழு பவர்ல கால் பங்கு) ஆரம்பிச்சு ஏத்தி எறக்கி பாத்தோம், சேலைல இருக்க கட்டமும் மஞ்சளும் அப்படியே எடுப்பா தெரியுது, வானமும் வெளுக்கல. செம்ம!

டிடிஎல் (கேமராவே ஃப்ளாஷ் பவர கணக்கு போட்டு வெக்கறது) கிடையாது, எல்லாம் மேனுவல்தான், ஆனா கத்துக்கறதுக்கு அதுதான் நல்லது. மத்தியான வெயில்ல ஷட்டர் வேகம் 1/200 செகண்டுக்கு மேல போகணும்னு ஹைஸ்பீடு சிங்க் (அந்த வேகத்துலயும் ஃப்ளாஷ் வேலை செய்ய வெக்கற வசதி) போட்டா வெளிச்சம் ரொம்ப கொறஞ்சிடும், எந்த சின்ன ஃப்ளாஷுக்கும் அப்படித்தான், அதனால திண்ணை நிழலுக்கு போயிடுங்க, இல்ல ஃப்ளாஷ ஆளுக்கு கிட்டக்க கொண்டு போங்க, தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு.

4 டபுள் ஏ செல்லு வேணும், ரீசார்ஜ் செல்லே வாங்கிடுங்க. வெளிச்சத்த மென்மையாக்கற ஃப்ளாஷ் குடை மாட்டினா ஸ்டாண்ட ஒருத்தர் புடிச்சே ஆகணும், நம்ம ஊரு பொட்டல் காத்து சும்மா விடாது.