பழைய கட்டடத்துக்கு எந்தக் காப்பீடு: மலிவானதா, முழுமையானதா?

நூறு வயது தாண்டிய எங்கள் குடும்ப வீட்டுக்குக் காப்பீடு எடுக்க உட்கார்ந்தபோது மூன்று வழிகள் இருந்தன. தேய்மானம் கழித்த மதிப்புக்கு எடுக்கலாம். திரும்பக் கட்ட ஆகும் முழுச் செலவுக்கு எடுக்கலாம். இல்லையென்றால், நிலநடுக்கமோ புயலோ குறித்த அளவைத் தொட்டதுமே தொகை தரும் பாராமெட்ரிக் பாலிசி. நான் இரண்டாவதை எடுத்தேன். பிரீமியம் கூடுதல்தான், ஆனாலும் வருத்தமில்லை.

முதல் வழி மலிவு, அவ்வளவுதான். நூறு வருடத் தேய்மானத்தைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். எங்கள் மர உத்தரங்களோ இன்னும் உறுதியாக நிற்கின்றன. அவை எரிந்துபோனால் இன்றைய விலையில்தான் மரம் வாங்க வேண்டும்.

இரண்டாவது வழியில் எல்லாமே நாம் எழுதும் காப்பீட்டுத் தொகையைப் பொறுத்தது. நான் முதலில் தவறு செய்ததும் அங்கேதான். புது கான்கிரீட் வீட்டுக்குப் போடுவது போல, சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டேன். பழைய கட்டடங்களில் வேலை செய்து பழகிய ஒரு பொறியாளர் வந்து அளந்தார். சுண்ணாம்புச் சாந்து, செதுக்கு வேலை, அந்த வேலை தெரிந்த கைவினைஞர் கூலி எல்லாம் சேர்த்தால், நான் எழுதியது உண்மைச் செலவில் பாதியைக்கூடத் தொடவில்லை.

சரி, முழுக் கட்டடமுமா இடியப்போகிறது, சின்னச் சேதத்துக்கு அந்தத் தொகை போதாதா என்று தோன்றும். போதாது. ஆவரேஜ் விதி (உண்மை மதிப்பில் எந்த விகிதத்துக்குக் காப்பீடு எடுத்தோமோ, அதே விகிதத்தில்தான் இழப்பீடு) உள்ள பாலிசியில், 100 லட்சம் ஆகும் கட்டடத்தை 40 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், ஒரு மூலை எரிந்து 10 லட்சம் சேதம் என்றாலும் 4 லட்சம்தான் வரும். மீதியை நாம்தான் போட வேண்டும். இடிபாடு அகற்றும் செலவு, வல்லுநர் கட்டணம், இன்றைய விதிப்படி பலப்படுத்தும் செலவு ஆகியவை தாமாகவே அடங்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்வதாக வைத்திருக்கிறோம்.

தொகை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் கதீட்ரலைப் பாருங்கள். 2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் அதன் கோபுரம் சரிந்தது. காப்பீட்டில் வந்தது சுமார் 4 கோடி நியூசிலாந்து டாலர். 2017இல் போட்ட சீரமைப்பு மதிப்பீடோ 10 கோடிக்கு மேல். செலவு மேலும் ஏறி, 2024இல் பணம் போதாமல் வேலையை நிறுத்திவைத்தார்கள்.

பாராமெட்ரிக் பாலிசியை நான் எடுத்துப் பார்த்ததில்லை, படித்ததை வைத்தே சொல்கிறேன். சர்வேயர் வந்து சேதத்தைக் கணக்கிடும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது அதன் பெரிய பலம். கூரை பிய்ந்த கட்டடத்தை அடுத்த மழைக்குள் மூடியாக வேண்டுமே! ஆனால் குறித்த அளவுக்குக் கொஞ்சம் கீழே அதிர்ந்து சுவர் விழுந்தால் ஒன்றும் வராது. தீயும் பொதுவாக இதில் அடங்காது. எனவே கூடுதல் பாலிசியாக வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்ப முடியாது.

காப்பீடே இல்லாமல் விடுவது அரசுகளுக்குத்தான் கட்டுபடியாகும். 2019இல் பாரிஸின் நோத்ருதாம் தேவாலயம் எரிந்தபோது, அந்தக் கட்டடம் பிரெஞ்சு அரசின் பொறுப்பில் இருந்தது. வெளி நிறுவனம் எதிலும் காப்பீடு கிடையாது. நன்கொடையாக 80 கோடி யூரோவுக்கு மேல் வந்தது. நம் வீட்டுக்கு யார் தருவார்கள்?

அப்புறம் இன்னொன்று. நோத்ருதாம் எரிந்தது சீரமைப்பு நடக்கும்போது. 2018இல் கிளாஸ்கோ கலைப்பள்ளி எரிந்ததும் அப்படித்தான். பல பாலிசிகளில், வேலை தொடங்குமுன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் கிளெய்ம் சிக்கலாகும். கூரை மாற்றுவதற்கு முன் நாங்கள் கடிதம் அனுப்பினோம். நெருப்பு வைத்துச் செய்யும் எந்த வேலையும் கூரையில் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புதல் வந்தது. அந்தக் கடிதத்தைப் பாலிசியோடு சேர்த்து, வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வைத்திருக்கிறேன்.