140-ஆ, 130-ஆ, 120-ஆ? இதய நோயாளிக்கு எந்தப் பிரஷர் இலக்கு

வேலூர் பக்கம் யாரைக் கேட்டாலும் பிரஷருக்கு 140/90 என்ற கணக்கைத்தான் சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் ஊழியர்களிடமும் நம்மவர்கள் அதிகம் கேட்டிருப்பது அதைத்தான். வேறு நோய் இல்லாதவருக்கு அது சரியான இலக்கு. ஆனால் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவரும் பைபாஸ் செய்துகொண்டவரும் அதே எண்ணோடு நிம்மதியாக இருந்துவிடுவதுதான் எனக்குக் கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலே இருவரையும் பிரித்துத்தான் பேசுகிறது: வேறு நோய் இல்லாதவர்களுக்கு 140/90-க்குக் கீழே, இதய நோய் உள்ளவர்களுக்கு மேல் பிரஷர் (முதலில் சொல்லும் எண்) 130-க்குக் கீழே.

130/80-ஐ அமெரிக்க இதய அமைப்புகள் 2017-ல் எல்லாருக்கும் பொதுவாகவே வைத்தன. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-ல், உடம்பு தாங்கினால் மேல் பிரஷர் 120-லிருந்து 129 வரை இருக்கட்டும் என்றது.

அப்படியானால் இன்னும் இறக்கி 120-க்குக் கீழே கொண்டுபோனால் என்ன? இந்தக் கேள்விக்குப் பின்னால் 2015-ல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வு இருக்கிறது. 9,361 பேரில் பாதிப் பேருக்கு 120-க்குக் கீழே, மீதிப் பேருக்கு 140-க்குக் கீழே என இலக்கு வைத்தார்கள். 120 குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை மொத்தமாகக் கால் பங்கு குறைந்தன, இறப்பும் குறைந்தது. ஆனால் மயக்கம், தாழ் பிரஷர், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் அந்தக் குழுவில்தான் கூடுதல். சர்க்கரை நோயாளிகளையும் பக்கவாதம் வந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. நம்ம ஊர் இதய நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சர்க்கரையும் கூடவே இருக்கிறது! சர்க்கரை உள்ளவர்களிடம் அதே 120-ஐச் சோதித்த அக்கார்ட் ஆய்வில் (2010) பக்கவாதம் குறைந்தது, ஆனால் மொத்தப் பாதிப்பில் தெளிவான லாபம் தெரியவில்லை.

இதய நோயாளிக்கு இன்னொரு சிக்கல், கீழ் பிரஷர். இதயத் தசைக்கான ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில்தான் போகிறது. அந்த நேரத்து அழுத்தம்தான் கீழ் பிரஷர். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கும்போது அது ரொம்ப இறங்கினால் தசைக்குப் போய்ச் சேரும் ரத்தமும் குறையலாம். 2016-ல் வெளியான கிளாரிஃபை ஆய்வு 22,000-க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. மேல் பிரஷர் 120-க்குக் கீழே இருந்தவர்களிடமும், கீழ் பிரஷர் 70-க்குக் கீழே இருந்தவர்களிடமும் பாதிப்பு அதிகம் தெரிந்தது. தாழ்ந்த பிரஷரே காரணம் என்று அதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு ஏற்கெனவே நலிந்தவர்களுக்குப் பிரஷர் தானாகவே இறங்கியிருக்கலாம். ஆனாலும் அலட்சியப்படுத்தும் விஷயம் இல்லை.

அதனால் என் தேர்வு 130/80-க்குக் கீழே. அறுபது வயதில், நடமாட்டம் நன்றாக இருந்து, தலைசுற்றல் இல்லாதவர் என்றால் 120-களில் இருக்கலாம். எண்பதைத் தாண்டி, எழுந்தால் தடுமாறுகிறவருக்கு 140-க்குக் கீழே நின்றாலே போதும் என்று மருத்துவர் சொன்னால், அதில் நியாயம் இருக்கிறது.

அளக்கும் முறையும் முக்கியம். ஸ்பிரிண்டில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்துத்தான் அளந்தார்கள். காட்பாடியில் ரயிலிறங்கி, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, உட்கார்ந்ததும் கையை நீட்டினால் 150 காட்டுவதில் ஆச்சரியமில்லை. அந்த ஒரு எண்ணுக்காக மாத்திரை ஏறிவிடக் கூடாது. வீட்டில் காலையும் மாலையும் ஒரு வாரம் அளந்து, எழுதி எடுத்துப்போங்கள்.

மே மாதம் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பிரஷர் சட்டென இறங்கலாம். எழுந்ததும் கண் இருட்டினால், நின்றபடியும் ஒருமுறை அளந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.