முதுநிலைப் படிப்புத் தேடுகருவி: சில கல்வியாண்டுகள் பயன்படுத்திய பிறகு

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் இளநிலை இறுதியாண்டு படிப்பவர்களுக்காக நாங்கள் உருவாக்கிய முதுநிலைப் படிப்புத் தேடுகருவியைச் சில கல்வியாண்டுகளாக மாணவர்களோடு அமர்ந்து பயன்படுத்தி வருகிறேன். நிரலை எழுதியவர்கள் கணினித் துறை ஆசிரியர்கள். படிப்புகளின் விவரங்களைத் திரட்டிச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பல்கலைக்கழகங்கள் தங்கள் துறைகளைப் பிரித்து வைத்திருக்கும் வரிசையிலேயே மாணவரையும் தேட வைக்கும் கருவியால் பெரிய பயன் இல்லை என்பதும், மாணவரின் கையில் இருக்கும் பட்டத்திலிருந்தும் அவருடைய ஊரிலிருந்தும் தேடல் தொடங்க வேண்டும் என்பதும் இந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்டிருக்கின்றன.

அதனால்தான் தேடுபெட்டிக்கு மேலேயே "நீங்கள் முடித்த அல்லது முடிக்கப்போகும் பட்டம் எது?" என்ற கேள்வியை வைத்திருக்கிறோம். எங்கள் பகுதியில் பி.காம். சி.ஏ. (கணினிப் பயன்பாட்டுடன் கூடிய வணிகவியல்) படிப்பவர்கள் ஏராளம். எம்.காம். தவிர வேறு வழியே இல்லை என்ற எண்ணத்தோடுதான் அவர்களில் பலர் வருகிறார்கள். ஆனால், பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருந்தால் பி.காம்., பி.ஏ. முடித்தவர்களும் கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் படிப்பான எம்.சி.ஏ.வில் சேரலாம் என்கிறது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி, அவர்கள் கூடுதலாகச் சில இணைப்புப் பாடங்களைப் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 2020-21 கல்வியாண்டிலிருந்து அந்தப் படிப்பும் இரண்டு ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது. துறைவாரியான பட்டியலில் வணிகவியல் மாணவி ஒருவர் கணினிப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். இதற்கு மாறாக, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தை நினைத்துக்கொண்டு வரும் தாவரவியல் மாணவருக்கு, அங்குள்ள வேளாண் முதுநிலைப் படிப்புகளுக்குப் பொதுவாக வேளாண் இளநிலைப் பட்டமே கேட்கப்படும் என்ற செய்தி தேடும்போதே தெரிந்துவிடுகிறது. தகுதி பொருந்தாத படிப்புகளை நாங்கள் மறைப்பதில்லை. காரணத்தோடு கீழே தனியாகக் காட்டுகிறோம். மறைத்துவிட்டால், அப்படி ஒரு படிப்பே இல்லை என்று மாணவர் முடிவு செய்துகொள்வார்.

ஊர் என்பது நாங்கள் எண்ணியதைவிடச் சிக்கலான செய்தி. கொங்கு நாட்டுக் கல்லூரிகள் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் 1982இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. சேலமும் நாமக்கல்லும் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. கரூர் திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இருக்கிறது. பவானியில் வசிக்கும் மாணவி ஈரோடு மாவட்டம் என்று மட்டும் வடிகட்டினால், காவிரிப் பாலத்தைத் தாண்டியவுடன் வரும் குமாரபாளையத்துக் கல்லூரிகள் ஒன்றும் அவர் கண்ணில் படாது, ஏனெனில் குமாரபாளையம் நாமக்கல் மாவட்டம். ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் இடையிலும் இதே நிலைதான். எனவே மாவட்ட வடிகட்டியைப் பின்னுக்குத் தள்ளி, பேருந்தில் ஆகும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தோம். வரைபடத்தில் நேர்கோட்டில் அளக்கும் தூரமும் இங்கே பயன்படாது. தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு இறங்க வேண்டுமென்றால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்க வேண்டும். புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் அந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. அந்த ஊர் மாணவருக்குச் சாம்ராஜ்நகரும் மைசூரும் கைக்கெட்டும் இடங்கள் என்பதால், மாநில எல்லையோடு முடிவுகளை நிறுத்தக் கூடாது என்று நான் வற்புறுத்தினேன். "ஈரோட்டுக்குள்ளயே ஏதாச்சும் இருக்குங்களா மேடம்?" என்று கேட்டு வரும் பிள்ளைகளின் கேள்விக்குப் பின்னால், பெரும்பாலும் மாலை இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அதைக் கருவி புரிந்துகொள்ள வேண்டும்.

காலத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஆறாம் பருவத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் மேற்படிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும் என்ற பழக்கம் எங்கள் ஊர்களில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. விண்ணப்பமோ முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடுகிறது. திருச்சி என்.ஐ.டி.யில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கவும் அதே மதிப்பெண்தான் வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கான சி.யு.இ.டி. முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வும், அண்ணா பல்கலைக்கழகம் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்காக நடத்தும் டான்செட்டும் அண்மை ஆண்டுகளில் மார்ச் மாதத்தில் நடந்திருக்கின்றன. ஜூன் மாதம் கருவியைத் திறப்பவருக்கு இவையெல்லாம் கைநழுவிய வாய்ப்புகள். ஆகவே முடிவுகளை அகர வரிசையில் அடுக்காமல், இன்றைய தேதிக்கு எவற்றுக்கு இன்னும் விண்ணப்பிக்கலாம் என்ற வரிசையில் அடுக்குகிறோம். இரண்டாமாண்டு மாணவர்களுக்கு அடுத்த ஆண்டின் நாட்காட்டியும் அதே பக்கத்தில் தெரிகிறது. ஐந்தாம் பருவம் தொடங்கும்போதே வகுப்பு முழுவதையும் கணினி ஆய்வகத்தில் உட்கார வைத்து இந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லும் வழக்கம் ஏற்பட்ட பிறகு, ஜாம் என்ற பெயரை முதன்முதலாக ஜூன் மாதத்தில் கேள்விப்படும் மாணவர்கள் எங்கள் வகுப்புகளில் அரிதாகிவிட்டார்கள்.

தேடுபெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.எஸ்சி., எம்எஸ்சி எனப் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் தட்டச்சு செய்வார்கள்; "பௌ" என்ற எழுத்துக்குப் பதிலாக "பெ"யும் "ள"வும் சேர்த்து அடிப்பார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவை கணினிக்கு வேறு வேறு. இவற்றையெல்லாம் ஒன்றாக்கும் வேலையைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். முடிவு எதுவும் கிடைக்காத தேடல்களை மாதந்தோறும் படித்துப் பார்ப்பதே கருவியைச் செம்மைப்படுத்த எனக்குக் கிடைத்த நல்ல வழி.

தகவல் பழையதாகிவிடுவதுதான் தீராத தொல்லை. சேர்க்கைப் பக்கத்தில் சென்ற ஆண்டின் கட்டணத்தையே வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. ஒவ்வொரு பதிவின் கீழும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதியை அச்சிடுகிறோம். பெற்றோர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கட்டணத்தில் விடுதிச் செலவைத் தனியாகக் காட்டுகிறோம். இணைச் சான்று குறித்த விவரத்தையும் சேர்த்திருக்கிறோம். புதுப் பெயர் கொண்ட ஒரு முதுநிலைப் பட்டம் வழக்கமான பட்டத்துக்கு இணையானதென்று அரசாணை இருக்கிறதா என்பது, அரசு ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. படிப்பில் சேரும் முன்பே அவர்கள் அதைக் கேட்டறிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

தொலைநிலைப் படிப்புகளை இன்னும் சேர்க்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு அனுமதி அளித்திருக்கிறது என்பதை ஒவ்வொரு பருவமும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பும் பழைய மாணவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வரும் கல்வியாண்டில் முதல் வேலையாக அதை எடுத்துக்கொள்கிறோம்.