அடுக்குமொழியும் பேச்சுமொழியும்: நாவன்மையின் இரு முகங்கள்

நாவன்மை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அண்ணாவின் அடுக்குமொழியே. எதுகையும் மோனையும் இணைந்து வர, கேட்பவர் அடுத்த சொல்லை எதிர்நோக்கியே கட்டுண்டிருந்தனர். அந்நடை பின்வந்த மேடைப் பேச்சாளர் பலரிடம் வெறும் ஓசையாகத் தேய்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெரியாரோ அலங்காரத்தை நாடாமல், திண்ணையில் அமர்ந்து வழக்குப் பேசுபவரைப்போலப் பேச்சுத்தமிழில் கேள்விமேல் கேள்வி எழுப்பி, தாம் சொல்வதாலேயே நம்பிவிடாமல் சொந்த அறிவைக்கொண்டு சிந்திக்குமாறு கூறி, தீர்ப்பைக் கேட்பவரிடமே விட்டுவிடுவார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில், 94 வயதில், ஆற்றிய இறுதி உரையிலும் அந்நடை மாறவில்லை.

கேட்டாரைப் பிணிப்பதும் கேளாரும் விரும்புவதுமே சொல் என்கிறது திருக்குறளின் சொல்வன்மை அதிகாரம். முற்பாதிக்கு அண்ணா பொருந்துவார். கருத்தை ஏற்காதவரையும் நின்று கேட்கவைத்த பிற்பாதி, என் கணிப்பில், பெரியாருடையது.