செம்பருத்தி நிழலில் சின்னு: ஆர்டர் கொடுத்து வாங்கிய வாட்டர்கலர்

எங்கள் வெள்ளைப் பூனை சின்னு, கொல்லையில் செம்பருத்திச் செடிக்குக் கீழேதான் பகல் முழுக்கக் கிடக்கும். அதை அங்கேயே வைத்து வரைந்து தரச் சொல்லி, இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கும் ஓவியர் ஒருவருக்கு நாலு போட்டோ அனுப்பினேன். ஏ4 அளவு, 3,500 ரூபாய், மூன்று வாரத்தில் வந்தது.

முதலில் அந்த வெள்ளையைச் சொல்லணும். பூனை உடம்பில் வெள்ளைப் பெயின்ட் ஒரு சொட்டுகூடக் கிடையாது, எல்லாம் காகிதத்தின் வெள்ளை. சுற்றிலும் இலைப் பச்சையை ஈரத்தோடு படரவிட்டு, பூனை இருக்கும் இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு, அப்புறம் முதுகில் விழும் இலை நிழலை வெளிறிய நீலமும் ஊதாவுமாக ரெண்டு மூன்று தீற்றலில் முடித்திருக்கிறார், காலை பத்து மணி வெயில் அப்படியே வந்துவிட்டது! கைதவறி அங்கே நிறம் பட்டிருந்தால் அந்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. மீசையை மாஸ்கிங் திரவம் (நிறம் ஒட்டாமல் தடுத்து, காய்ந்த பிறகு உரித்தெடுக்கும் பசை) தடவிக் காப்பாற்றியிருக்கிறார். இவ்வளவு செய்தவர் சின்னுவின் காது நுனியில் இருக்கும் தழும்பை விட்டுவிட்டார், அது எனக்கு வருத்தம்தான். வாலும் கொஞ்சம் தடிமன்.

ஆர்டர் கொடுக்கும் முன் பேப்பரையும் சிவப்பையும் பற்றிக் கேட்டுவிடுங்கள். இது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள தடிமனான பருத்திப் பேப்பர், அத்தனை தண்ணீர் குடித்தும் நெளியவில்லை. செம்பருத்திக்கு அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பை அடித்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் நாளடைவில் வெளுத்துவிடும். இவர் எளிதில் வெளுக்காத குவினாக்ரிடோன் நிறமியைப் பயன்படுத்தியதாகச் சொல்லி டியூபையே படம் எடுத்து அனுப்பினார், அதில் பிவி19 என்று நிறமிக் குறியீடு இருந்தது. கேட்டதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்னதே எனக்குப் பிடித்தது.

ஃபிரேம் மட்டும் நான் வேறு கடையில் போட்டேன், அங்கேதான் வினை. மவுன்ட் (ஓவியத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) வைக்காமல் கண்ணாடியை ஓவியத்தின் மேலேயே அழுத்திவிட்டார்கள். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்து ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, பிரித்தபோது இலை ஓரத்தில் பச்சை கொஞ்சம் உரிந்து வந்துவிட்டது, மனசே ஆறவில்லை. இப்போது அமிலமில்லாத மவுன்ட் போர்டு வைத்து, கண்ணாடிக்கும் பேப்பருக்கும் இடைவெளி விட்டு, நேர் வெயில் படாத உள்சுவரில் மாட்டியிருக்கிறோம்.

அதே ஓவியரிடம், சின்னு துளசி மாடத்தில் ஏறி உட்கார்ந்திருப்பதையும் வரையக் கேட்டிருக்கிறேன். காதுத் தழும்பைக் கிட்டத்தில் எடுத்த போட்டோவை இந்தத் தடவை தனியாக அனுப்பியாச்சு.