மண்டூர் – குருமண்வெளி பாதைச் சேவை: ஒரு பயணியின் மதிப்பீடு

மேற்குக் கரையான படுவான்கரையில் குடியிருந்து கிழக்குக் கரையான எழுவான்கரையில் வேலை பார்ப்பவர்களுக்கும், அக்கரையிலிருந்து மண்டூர்ப் பகுதிப் பாடசாலைகளுக்குக் கற்பிக்க வருகின்ற ஆசிரியர்களுக்கும், மட்டக்களப்பு வாவியின் குறுக்கே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையான இந்தப் ‘பாதை’யைப் போல நேரத்தை மீதப்படுத்தித் தரும் வழி வேறில்லை. தரைவழியே போவதென்றால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றித்தான் களுவாஞ்சிகுடியை அடைய வேண்டும். எரிபொருள் விற்கும் விலையில் அது நாளாந்தம் கட்டுப்படியாகாது.

காலையில் பாதையில் ஏற்றும் விதத்தைப் பார்த்தாலே பணியாளர்களின் கைப்பழக்கம் விளங்கும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் பலகையில் ஏறியதும் ஒருவர் கைபிடியைப் பற்றித் திருப்பி, பக்கத்து வண்டியின் கண்ணாடியில் உரசாதபடி நெருக்கி நிறுத்திவிடுகிறார்; மரக்கறி மூட்டை கட்டிய சைக்கிளுக்கும், கைக்குழந்தையோடு களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும் தாய்க்கும் அந்த நெரிசலுக்குள்ளேயே இடம் கிடைத்துவிடுகிறது. இந்தப் பொறுப்புணர்வை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

என் மனக்குறையெல்லாம் கரையேறிய பின் தொடங்குகிறது. சொந்த வண்டி உள்ளவர் இறங்கிய கையோடு போய்விடுவார். வண்டியில்லாதவரோ குருமண்வெளித் துறையிலிருந்து, கல்முனை – மட்டக்களப்புப் பேருந்துகள் ஓடும் பிரதான வீதிக்கு நடக்க வேண்டும், அல்லது முச்சக்கரவண்டிக்குக் கொடுக்க வேண்டும். கடையொன்றில் நாட்சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு அது சிறிய தொகையல்ல. மாலையில், பாதை கரையைத் தொடுவதற்குச் சற்று முன்னரே மண்டூர்ப் பக்கத்துப் பேருந்து ஒன்று புறப்பட்டுவிட, வேலை முடிந்து வந்த பெண்கள் சாமான் பைகளோடு இருட்டும் நேரத்தில் நடந்து போனதைக் கண்டு மனம் வெதும்பினேன். பேருந்து நேரத்தைப் பாதை வரும் நேரத்தோடு பொருத்துவதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை.

இதே வாவியின் குறுக்கே மண்முனையில் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பாலம் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிறகு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் துறையில் காத்திருக்கும் நிலை நீங்கியது. மண்டூர் மக்களும் அப்படியொரு பாலத்தையே கேட்கிறார்கள். அது முற்றிலும் நியாயமானது.

அதுவரை, அலுவலகம், பாடசாலை, சந்தை ஆகியவற்றுக்குச் செல்வோருக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் மாரியில் வாவி பெருகி வாடைக்காற்று பலக்கும் நாட்களில் பாதையின் ஓட்டம் காற்றின் போக்கைப் பொறுத்தது என்பதால், நோயாளியை அழைத்துச் செல்வோர் துறைக்கு வந்து காத்திராமல் நேரே பட்டிருப்புப் பாலத்தால் போய்விடுவதே நல்லது.