ஒரு விலை உயர்ந்த ட்ரோனா, ஆயிரம் மலிவு ட்ரோன்களா?

போருக்கு எந்த ட்ரோன் சிறந்தது என்று பேச ஆரம்பித்தால், பேச்சு உடனே மூன்று எண்களுக்குப் போய்விடும். எவ்வளவு நேரம் பறக்கும், எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு சுமக்கும். ஆயுதக் கண்காட்சிகளில் பலகையில் எழுதி வைப்பதும் இவற்றைத்தான். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: இன்று விழுந்ததற்குப் பதிலாக அடுத்ததை எப்போது அனுப்ப முடியும்? 2020 முதல் நடந்துவரும் போர்களைக் கவனித்தால், பலகையில் பிரமாதமாகத் தெரிந்த பல விமானங்கள் இந்தக் கேள்வியில்தான் தோற்றிருக்கின்றன. அதனால் இந்த அலசல் முழுக்க இதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

ரீப்பரும் டிபி2-வும்

அமெரிக்காவின் எம்க்யூ-9 ரீப்பரிலிருந்து தொடங்கலாம். 20 மீட்டர் இறக்கை, 50,000 அடி உயரம், 27 மணி நேரம் வரை பறக்கும் திறன், 1,700 கிலோ சுமை. விலை சுமார் 3 கோடி டாலர். ஓடுபாதையருகே இருக்கும் ஒரு குழு அதைக் கிளப்பிவிடும். அப்புறம் செயற்கைக்கோள் வழியாகப் பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு குழு பொறுப்பேற்கும். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் கேமராவையும் மற்ற உணரிகளையும் கவனிப்பார். ஆப்கானிஸ்தானில் இது கொடிகட்டிப் பறந்ததற்குக் காரணம் எளிது: கீழே இருந்தவர்களிடம் அந்த உயரத்தை எட்டும் ஏவுகணை இல்லை.

ஏவுகணை இருக்கும் இடத்தில் கதை வேறு. 2025 மார்ச், ஏப்ரலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிக் குழுவினர் ஆறு வாரங்களுக்குள் ஏழு ரீப்பர்களை வீழ்த்தினார்கள். நஷ்டம் 20 கோடி டாலருக்கும் மேல். மணிக்கு 300, 400 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும், ரேடாரில் பளிச்சென்று தெரியும் ஒரு விமானத்தைச் சுட்டு வீழ்த்தப் பெரிய வல்லரசு தேவையில்லை என்பது அங்கே தெளிவாகிவிட்டது.

துருக்கியின் பைரக்தார் டிபி2 இதே வகையின் சின்ன உருவம். 12 மீட்டர் இறக்கை, மொத்த எடை 700 கிலோ, சுமை 150 கிலோ. விலை ரீப்பரில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். 2020-இல் நாகோர்னோ கராபக்கில் நடந்த 44 நாள் போரில் அஜர்பைஜான் இதை வைத்து ஆர்மீனியாவின் டாங்கிகளையும் வான் பாதுகாப்பு வாகனங்களையும் ஒவ்வொன்றாக அழித்தது. அந்த வீடியோக்கள் உலகம் முழுக்கப் பரவி, வாங்கப் பல நாடுகள் வரிசையில் நின்றன. 2022-இல் உக்ரைனிலும் முதல் சில வாரங்கள் அதே காட்சிதான். ஆனால் ரஷ்யப் படை தன் ரேடார்களையும் ஏவுகணைகளையும், ரேடியோ சிக்னலைக் குலைக்கும் ஜாமர்களையும் ஒழுங்காக நிறுத்திய பிறகு டிபி2 களத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. விமானம் மாறவில்லை, எதிரி சுதாரித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

டிபி2-வில் இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. அதில் ஓடியது ரோட்டாக்ஸ் 912, பொழுதுபோக்குக்காகப் பறக்கும் இலகுரக விமானங்களில் இருக்கும் 100 குதிரைத்திறன் என்ஜின். கராபக் போரின்போது அந்த என்ஜினின் தாய் நிறுவனம், எங்கே போய்ச் சேர்கிறது என்று தெளிவாகத் தெரியாத நாடுகளுக்கு விற்பனையை நிறுத்தியது. என்ஜின் வெளியிலிருந்து வந்தால், அதை நிறுத்தும் அதிகாரமும் வெளியில்தான் இருக்கும்.

அதற்காக இந்தப் பெரிய வகையைக் குப்பையில் போட வேண்டியதில்லை. கடலுக்கு மேல், யாரும் சுடாத வானத்தில், நாள் முழுக்க நின்று கப்பல்களைக் கவனிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. 2024 அக்டோபரில் இந்தியா ரீப்பரின் புதிய வடிவமான எம்க்யூ-9பி 31 வாங்க ஒப்பந்தம் போட்டபோது, அதில் 15 கடற்படைக்குப் போவதாக இருந்தது. அந்தப் பங்கீடு எனக்கு விவேகமாகவே படுகிறது. சுடும் எதிரிக்கு மேலே அனுப்பினால்தான் வீண்.

ஷாஹெத்: திரும்பி வராத விமானம்

ஈரானின் ஷாஹெத்-136 திரும்பி வருவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. முக்கோண வடிவம், 3.5 மீட்டர் நீளம், சுமார் 200 கிலோ எடை, பின்னால் புடுபுடு என்று சத்தம் போடும் சின்ன பிஸ்டன் என்ஜின், முன்னால் 30 முதல் 50 கிலோ வெடிமருந்து. வேகம் மணிக்கு 185 கிலோமீட்டர் அளவுதான். விலை பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் 20,000 முதல் 50,000 டாலருக்குள் நிற்கின்றன. 2022 செப்டம்பரில் ரஷ்யா இதை உக்ரைன் மீது ஏவத் தொடங்கியது. இப்போது ‘கெரான்-2’ என்ற பெயரில் தன் நாட்டிலேயே, தாதர்ஸ்தானின் அலபுகாவில் தயாரிக்கிறது.

தனியாகப் பார்த்தால் இது மோசமான ஆயுதம். மெதுவாக வரும், சத்தமாக வரும், நகரும் இலக்கைத் துரத்தாது. ஆனால் இது தனியாக வருவதில்லை. 2025 செப்டம்பர் 7 அன்று ஒரே இரவில் 810 ட்ரோன்கள் வந்ததாக உக்ரைன் விமானப்படை கணக்குச் சொன்னது. அவற்றில் எல்லாமே வெடிப்பவை அல்ல. ‘கெர்பெரா’ என்ற மலிவான போலியும் கலந்து வரும். ரேடாருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எதைச் சுடுவது, எதை விடுவது? வான் பாதுகாப்புக்கான ஒரு பேட்ரியாட் ஏவுகணை சுமார் 40 லட்சம் டாலர். அதைக் கொண்டு இதை அடித்தால் அடித்தவனுக்குத்தான் நஷ்டம்.

உக்ரைன் இதற்குக் கண்டுபிடித்த பதிலும் மலிவுதான். கம்பங்களில் ஆயிரக்கணக்கான ஒலிவாங்கிகளைக் கட்டிவிட்டார்கள். அந்த என்ஜின் சத்தம் எந்தத் திசையில் நகர்கிறது என்று கணினி சொல்லும், பிக்கப் வண்டியில் இயந்திரத் துப்பாக்கியோடு ஆட்கள் அங்கே ஓடுவார்கள். ரஷ்யர்கள் ட்ரோன்களைத் துப்பாக்கிக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றினார்கள். உடனே, ஷாஹெத்தைவிட வேகமாகப் பறந்து முட்டும் சின்ன இடைமறிப்பு ட்ரோன்கள் வந்தன. அவற்றின் விலை சில ஆயிரம் டாலர். ஷாஹெத்தை ஷாஹெத்தைவிட மலிவாக வீழ்த்த முடியும் என்ற நிலை வந்ததே இந்தப் போரின் பெரிய திருப்பங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். லேசர் ஆயுதங்களும் இதே இடத்துக்குத்தான் வருகின்றன. பிரிட்டனின் டிராகன்ஃபயர் ஒரு முறை சுட சுமார் 10 பவுண்டுதான் ஆகும் என்கிறார்கள். ஆனால் மூடுபனியும் மழையும் லேசருக்கு எதிரி.

அமெரிக்காவே இந்த முக்கோண வடிவத்தை ஒட்டி ‘லூகாஸ்’ என்ற ஒன்றைச் செய்திருக்கிறது, விலை சுமார் 35,000 டாலர். ரீப்பரைப் படைத்த நாடு ஷாஹெத்தைப் பின்பற்றுகிறது என்பதே இந்த ஒப்பீட்டில் பாதித் தீர்ப்பு.

எஃப்பிவி: கண்ணாடி மாட்டி ஓட்டும் குண்டு

இனி நான்கு விசிறி வைத்த எஃப்பிவி ட்ரோன், அதாவது ட்ரோனின் கேமரா வழியாகவே பார்த்து ஓட்டுவது. கார்பன் சட்டம், நான்கு மோட்டார், ஒரு பேட்டரி, ஒரு மலிவான கேமரா, அடியில் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிய ராக்கெட் குண்டின் முனை. விலை சில நூறு டாலர். ஓட்டுபவர் ஒரு நிலவறையில் கண்ணை மூடிய திரைக்கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இன்னொருவர், உயரத்தில் நிற்கும் வேறொரு ட்ரோனின் படத்தைப் பார்த்து வழி சொல்லிக்கொண்டிருப்பார். “இடது பக்கம், அந்த மரவரிசையைத் தாண்டு” என்ற மாதிரி.

கடைசி சில விநாடிகள்தான் கஷ்டம். இலக்கை நெருங்கத் தாழ்ந்து வரும்போது, தரையும் மரங்களும் ரேடியோ சிக்னலை மறைக்கும். படத்தில் புள்ளிபுள்ளியாகக் கோடுகள் ஓடும். எதிரே ஜாமர் இருந்தால் படம் அப்படியே போய்விடும், ட்ரோன் வயலில் விழும். ஏவியவற்றில் பலவும் இலக்கைத் தொடுவதில்லை. இதைச் சொல்லாமல் வெற்றி வீடியோக்களை மட்டும் காட்டுவது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

ஜாமருக்கு இரண்டு மாற்றுகள் வந்திருக்கின்றன. ஒன்று, ஃபைபர் கம்பி. ட்ரோனில் ஒரு சுருள் இருக்கும், பறக்கப் பறக்க முடியைப் போன்ற கண்ணாடி இழை பின்னால் அவிழ்ந்துகொண்டே போகும், 10 அல்லது 20 கிலோமீட்டருக்கு. ரேடியோவே இல்லாததால் ஜாமர் ஒன்றும் செய்ய முடியாது. மோதும் நொடிவரை படம் தெளிவாக இருக்கும். ஆனால் சுருளின் எடைக்குக் குண்டின் எடையைக் குறைக்க வேண்டும், இழை கிளையில் சிக்கும், சட்டென்று திரும்பினால் அறுந்துவிடும். கிழக்கு உக்ரைனின் வயல்களில் இந்த இழைகள் வெயிலில் மின்னிக்கொண்டு கிடக்கின்றன. சாலைகளுக்கு மேலே பல கிலோமீட்டருக்கு வலை கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது மாற்று, ஓட்டுபவர் இலக்கைத் திரையில் குறித்துவிட்டால் கடைசி சில நூறு மீட்டரை ட்ரோனே பார்த்துக்கொள்வது. சிக்னல் போனாலும் அது தொடர்ந்து போகும். எதிர்காலத்தின் பெரிய சிக்கல் இந்தச் சின்ன வசதியில்தான் தொடங்குகிறது.

விழுந்ததற்கு மாற்றாக அடுத்ததை அனுப்பும் வேகத்தில் எஃப்பிவியை யாராலும் மிஞ்ச முடியாது. 2024-இல் உக்ரைன் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ட்ரோன்களைத் தயாரித்தது. 2025 ஜூன் 1 அன்று லாரிகளில் மரப்பெட்டிகளுக்குள் மறைத்துக் கொண்டுபோன 117 ட்ரோன்களை ரஷ்யாவுக்குள்ளேயே கிளப்பி, களத்திலிருந்து 4,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெலாயா தளத்தில் நின்ற குண்டுவீச்சு விமானங்களைக்கூடத் தாக்கியது. பறக்கும் தூரம் குறைவு என்ற குறையை லாரி ஈடுகட்டியது.

ஆனால் பீரங்கிக்கு மாற்று எஃப்பிவி என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. மழையில், பலத்த காற்றில், மூடுபனியில் எஃப்பிவி தடுமாறும். பீரங்கி தடுமாறாது. அப்புறம் உதிரி பாகங்கள். மோட்டார், பேட்டரி, கேமரா, இழை என்று இரண்டு தரப்புமே பெருமளவு சீனாவை நம்பித்தான் இருக்கின்றன. 2023 செப்டம்பரிலேயே சீனா சில வகை ட்ரோன்களுக்கும் பாகங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ரோட்டாக்ஸ் கதையேதான் இங்கும்.

துணை விமானம்

அடுத்து வரப்போவது, போர் விமானத்தோடு சேர்ந்து பறக்கும் ஜெட் ட்ரோன். ஆஸ்திரேலியாவில் போயிங் செய்த எம்க்யூ-28 கோஸ்ட் பேட் 2021 பிப்ரவரியிலேயே பறந்துவிட்டது. துருக்கியின் கிசிலெல்மா 2022 டிசம்பரில் பறந்தது. அமெரிக்க விமானப்படைக்கான ஒய்எஃப்க்யூ-42ஏ, ஒய்எஃப்க்யூ-44ஏ இரண்டும் 2025-இல் பறந்தன. எஃப்-35 போர் விமானத்தின் விலையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. விமானி பின்னால் இருப்பார், துணை விமானம் முன்னே போய் ரேடாரை இயக்கும், ஏவுகணை விடும், தேவைப்பட்டால் அடி வாங்கும்.

என் அளவுகோலில் இது நடுவில்தான் நிற்கிறது. எஃப்-35-ஐவிட மலிவு, உண்மைதான். ஆனால் எட்டு கோடி டாலருக்கும் மேலான விமானத்தில் கால் பங்கு என்றால் அது 2 கோடி டாலர். ஜெட் என்ஜினை எஃப்பிவி மாதிரி ஒரு கொட்டகையில் இரவோடு இரவாகப் பூட்ட முடியாது. இழந்தால் தாங்கலாம், அடிக்கடி இழந்தால் தாங்க முடியாது. வேகமும் உயரமும் உள்ள எதிரி விமானங்களை எதிர்கொள்ள மட்டும் இதற்கு வேறு மாற்று இல்லை. ஷாஹெத்தால் ஒரு போர் விமானத்தைத் துரத்த முடியாது.

சரி, குறைந்த பணம் வைத்திருக்கும் ஒரு ராணுவம் எதில் போட வேண்டும்? முதலில் இடைமறிப்பு ட்ரோன், ஜாமர், ஒலிவாங்கி என்று தடுப்பில். அடுத்து, உள்நாட்டிலேயே மோட்டாரும் பேட்டரியும் செய்யும் தொழிற்சாலைகளில். பெரிய கண்காணிப்பு விமானங்கள் கடலுக்குத் தேவையான அளவு மட்டும். ஜெட் துணை விமானம் கடைசி. இந்த வரிசையில் தடுப்பை முதலில் வைப்பதற்குக் காரணம், ஷாஹெத் மாதிரி ஒன்றை இன்று எந்த அண்டை நாடும், ஏன், ஒரு ஆயுதக் குழுவும்கூட வாங்கிவிட முடியும்.

பொத்தானை அழுத்துவது யார்

இதை விட்டுவிட்டு ட்ரோன்களை ஒப்பிடுவது சரியல்ல. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளை டொயோட்டா காரை ஒரு ரீப்பர் குழு சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தது. ஓட்டியவர் காரில் ஏற்றிய தண்ணீர்க் கேன்கள் திரையில் வெடிமருந்தாகத் தெரிந்தன. ஏவுகணை விட்டார்கள். இறந்த 10 பேரும் பொதுமக்கள், அவர்களில் 7 பேர் குழந்தைகள். ஓட்டியவர் ஒரு உதவி நிறுவன ஊழியர். இரண்டு வாரங்களுக்கு மேல் கழித்து, அது தவறு என்று பென்டகன் ஒப்புக்கொண்டது.

நல்ல கேமரா, நிறைய நேரம், பல மனிதர்கள். அப்படியும் இது நடந்தது. மனிதனை எடுத்துவிட்டால் தவறு குறையும், இயந்திரத்துக்குக் களைப்போ கோபமோ கிடையாது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். காபூலில் குறை களைப்பில் இல்லை. பார்த்ததை ஏற்கெனவே நம்பியதற்கு ஏற்பப் புரிந்துகொண்டதில் இருந்தது. படங்களைக் கொடுத்துப் பழக்கிய இயந்திரமும் அதையேதான் செய்யும், ஒரு நொடியில் செய்யும், ஒரே சமயத்தில் ஆயிரம் ட்ரோன்களில் செய்யும். காபூலில் விசாரிக்க ஆட்களாவது இருந்தார்கள்.

2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தன்னிச்சையாகக் கொல்லும் ஆயுதங்கள் பற்றிய தீர்மானத்துக்கு 166 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை ரஷ்யா, வடகொரியா, பெலாரஸ் மூன்றும்தான். கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் அதில் இல்லை. அது வரும்வரை ஒவ்வொரு நாடும் தன் கொள்முதல் விதிகளிலேயே இரண்டைச் சேர்க்கலாம். இலக்கைக் குறிப்பது ஒரு பெயர் தெரிந்த மனிதராக இருக்க வேண்டும். அவர் பார்த்த படம் பதிவாகி, பிறகு விசாரணைக்குக் கிடைக்க வேண்டும். சில நூறு டாலர் எஃப்பிவியில்கூட இதைச் செய்ய முடியும், ஏனென்றால் அந்தப் படம் ஏற்கெனவே ஓட்டுபவரின் திரைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.